நிகண்டும் நூற்பட்டியலும்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே அமைந்த திருமுல்லைவாயில், சுந்தரர் பாடல் பெற்ற பதி. சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் மற்றொரு திருமுல்லைவாயில் உண்டு. அது திருஞானசம்பந்தர் பாடல் பெற்றது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. தலங்களை வரிசைப்படுத்திய பெரியோர் ஒன்றை வட திருமுல்லைவாயில் என்றும் மற்றதைத் தென் திருமுல்லைவாயில் என்றும் குறித்து, திசையை அடையாக்கி மயக்கத்தைத் தீர்த்தனர். இதற்கு நேர்மாறான சிக்கல் சீர்காழியிலேயே இருக்கிறது. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் எனப் பன்னிரு பெயர்களைப் பெற்ற ஊர் அது. அங்கே ஊர் ஒன்று, பெயர் பன்னிரண்டு.

ஒரு சொல் பல பொருளைச் சுட்டுவதும், ஒரு பொருள் பல சொல்லால் சுட்டப்படுவதும் மொழியின் இயல்பு. புலவனுக்கு அது செல்வம். எதுகைக்கு ஒன்று, மோனைக்கு ஒன்று எனச் சொல்லை அவன் மாற்றி எடுத்துக்கொள்வான். நூலகத்துள் நூலைத் தேடி வருபவனுக்கோ அதுவே இடர். இவ்விடரைக் களைய நூலகவியலார் செய்துகொண்ட ஏற்பாட்டைக் ‘கட்டுப்படுத்திய சொற்றொகுதி’ என்பர். பெயர் சற்றே அச்சுறுத்துவது, செய்தி எளியது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களுள் ஒன்றைத் தலைப்பாகத் தேர்ந்து, அப்பொருள் பற்றிய நூல்களையெல்லாம் அதன்கீழ்ச் சேர்ப்பது. ஏனைய சொற்கள் இருக்குமிடத்தில் ‘இன்ன தலைப்பைக் காண்க’ என வழிகாட்டுவது. ஒரு சொல் பல பொருள் தருமாயின் அடை கொடுத்துப் பிரிப்பது. இவ்வளவே.

பன்னிரு பெயர் கொண்ட அந்தச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஒருவர்தாம் இத்துறையில் உலகம் பேசும் முறையொன்றை வகுத்தார் என்பது தற்செயலே எனினும் சுவையானது. எஸ். ஆர். ரங்கநாதன் என அறியப்பட்ட அவருடைய முதலெழுத்தே, ஆங்கிலேயர் நாவில் ‘ஷியாழி’ எனத் திரிந்த அவ்வூர்ப் பெயர்தான். அவரிடம் வருமுன், இந்த எண்ணம் தமிழ் மரபில் எவ்வெவ்வாறு கிடந்தது என நோக்குதல் தகும்.

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்னும் குறிப்புகள் உள்ளன. தொகுத்தோர் எழுதினரா, பின்வந்தோர் சேர்த்தனரா என்பது ஆராய்ச்சியாளர்க்குரியது. நூலகவியல் நோக்கில் அவை பொருள் தலைப்புகளே. பாட்டில் ‘கையறுநிலை’ என்ற சொல் வந்திராது. இறந்த தலைவனை எண்ணி அழும் பாட்டு எதுவாயினும், எந்தப் புலவர் எந்தச் சொல்லால் அழுதிருப்பினும், அடிக்குறிப்பு கையறுநிலை என ஒரே பெயரைச் சொல்லும். பரிசில் கடாநிலை, பொருண்மொழிக் காஞ்சி, இயன்மொழி ஆகியவையும் அத்தகையனவே. குறிப்பெழுதியவர் தம் விருப்பம்போல் பெயரிடவில்லை. இலக்கண மரபு வகுத்து வைத்த பட்டியலிலிருந்து எடுத்தார். முந்திய பாட்டின் திணையே இதற்குமாயின் ‘திணை அது’ என்று சுருக்கினார். செவியறிவுறூஉத் துறைப் பாட்டை வாழ்த்தியலும் ஆம் எனக் குறித்த இடமும் உண்டு. ஒரே நூலுக்கு இரு தலைப்புத் தரும் இக்கால வழக்கத்தினின்று அது வேறுபட்டதன்று.

அகநானூறு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலைத் திணை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். பாட்டைப் படிக்காமலே, எண்ணைக் கேட்டு அதன் பொருளைச் சொல்லிவிடலாம். நூலின் முதுகில் ஒட்டும் பகுப்பெண் செய்யும் வேலை இதுவே. நானூறு பாட்டில் இருநூறு பாலைக்கே போனது தொகுத்தவர் கையிலிருந்த பாட்டுகளின் விகிதத்தைக் காட்டுகிறதா, பிரிவின்மேல் அக்காலத்தார்க்கிருந்த பற்றைக் காட்டுகிறதா என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து வருவன நிகண்டுகள். திவாகரம் சொற்களைப் பன்னிரு தொகுதிகளாகப் பிரித்தது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், பல்பொருட் பெயர், செயற்கை வடிவப் பெயர், பண்பு பற்றிய பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர் எனப் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைக் கூறும். பதினொன்றாவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். பன்னிரண்டாவது, முக்குணம், ஐம்பொறி என்றாற்போலத் தொகைப் பெயருள் அடங்குவனவற்றை விரிக்கும். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டும் இப்பன்னிரண்டையே விருத்தத்தில் தந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் நூலகங்களுக்கென ஆக்கப்பட்ட சொற்களஞ்சியங்களைப் பிரித்துப் பார்த்தால் இம்மூன்றே அவற்றின் உள்ளமைப்பு: ஒத்த சொல், பல்பொருள் ஒருசொல், பெரும்பிரிவும் உட்பிரிவும்.

எனினும் நிகண்டு நூற்பட்டியல் ஆகிவிடாது. கதிரவனுக்குரிய பெயர்களையெல்லாம் நிகண்டு அடுக்கும்; அவற்றுள் எது முதன்மை என்று சொல்லாது. சொல்லவேண்டிய தேவையும் அதற்கில்லை. அது எழுதுபவனுக்காகச் செய்யப்பட்டது. ஒரு பொருளிலிருந்து பல சொற்களுக்கு அவனை அழைத்துச் செல்வது. நூற்பட்டியல் தேடுபவனுக்காகச் செய்யப்படுவது. எந்தச் சொல்லோடு வந்தாலும் ஒரே இடத்தில் அவனைக் கொண்டு சேர்க்க வேண்டுவது. பாதை ஒன்று, போகும் திசை எதிர். ‘உயர்த்திப் பிடிக்கும் சொல் இது’ என ஒன்றைத் தேரும் துணிவு, அதனால் மற்றவற்றைக் கீழிறக்கும் பொறுப்பு, இவ்விரண்டும் நூலகத்தார்க்கே உரியவை. இத்துறையின் சச்சரவெல்லாம் அந்தத் தேர்வில்தான் பிறக்கிறது.

சொற்களை நிரல்படுத்துவதிலும் படிப்படியான மாற்றம் நிகழ்ந்தது. சூடாமணியின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. இரண்டாம் எழுத்தைக் கொண்டு தேட வேண்டும். செய்யுள் செய்வார்க்கு அதைவிட வசதி வேறில்லை. முதலெழுத்து முறையில் அகர வரிசைப்படுத்திய அகராதி நிகண்டைச் சிதம்பரம் ரேவண சித்தர் 1594இல் இயற்றினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். சொல்லுக்குப் பொருள் தேடுபவன் பெயரகராதிக்கும், பொருளுக்குச் சொல் தேடுபவன் பொருளகராதிக்கும், இனம் தேடுபவன் தொகையகராதிக்கும், எதுகை தேடுபவன் தொடையகராதிக்கும் செல்லலாம். தேடி வருபவன் எந்த வாயில் வழியாக வருவான் என்பதை முன்கூட்டி எண்ணி, வாயில்தோறும் ஒரு விளக்கு வைத்த நூல் அது. இலண்டனில் ரோஜே தம் புகழ்பெற்ற ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1852இல்தான்.

அச்சு பெருகியபின் சொற்களைத் தொகுப்பதைவிட நூல்களைத் தொகுப்பது பெருந்தேவையாயிற்று. 1865இல் ஜான் மர்டாக் என்னும் பாதிரியார் அச்சான தமிழ் நூல்களுக்குப் பொருள்வாரியான பட்டியலொன்றைச் சென்னையில் வெளியிட்டார். தமிழ் நூல்வரலாறு எழுதப் புகுவார் எவரும் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது. எனினும் சமயப் பணிக்கென வந்தவரின் கண்ணுக்கு எந்த நூல் எச்சமயத்தது என்பதே முதல் கேள்வியாக இருந்தது; பட்டியலும் அக்கேள்வியின்படியே பிரிந்தது. எந்தப் பகுப்பு முறையும் பகுப்பவரின் கேள்வியைத் தாங்கியே நிற்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

இரண்டாண்டு கழித்து வந்த 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் எழுத வேண்டியவற்றை வரையறுத்தது: தலைப்பு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், பக்க அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை. இவற்றுள் ‘பொருள்’ என்னும் ஒரு கட்டம்தான் எழுத்தர் தாமாகத் தீர்மானிக்க வேண்டியது. மற்றவை நூலிலேயே இருப்பன. புராணமா, சமயமா, செய்யுளா எனத் தயங்கக்கூடிய நூல் தமிழில் ஏராளம். தலபுராணம் ஒன்றை இலக்கியம் எனலாம், சமயம் எனலாம், ஊர் வரலாறு தேடுபவன் அதை வரலாறு என்றே கொள்வான். அரசு எழுத்தர் அக்கட்டத்தில் எழுதிய ஒற்றைச் சொல்லே, ஆராய்ச்சியாளன் கைக்கு அந்நூல் வருமா வராதா என்பதைப் பல தலைமுறைக்குத் தீர்மானித்தது.

ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்து, 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். அவ்வாண்டே பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே கடையொன்றில், சிறு உலோகத் துண்டுகளைத் திருகாணியால் இணைத்து வண்டியாகவும் பாலமாகவும் செய்யத்தக்க விளையாட்டுக் கருவியைக் கண்டதும் தம் முறைக்கு வித்து விழுந்தது என்று அவரே கூறியிருக்கிறார். அக்காலத்துப் பகுப்பு முறைகள், உலகிலுள்ள பொருள்களையெல்லாம் முன்னரே பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தர முயன்றன. புதிய பொருள் பிறந்தால் இடமிராது. ரங்கநாதன் பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, கூறுகளுக்கு மட்டும் எண் தந்து, வேண்டும்போது இணைத்துக்கொள்ளச் செய்தார். இணைப்புக் குறியாக முக்காற்புள்ளியை வைத்ததால் அது கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது. 1933இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது.

கவிஞர்கள் விரும்பத்தக்க செய்தியொன்று அதில் உண்டு. இலக்கியத்துக்கு ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31, செய்யுளுக்கு 1. அடுத்துப் புலவரை அவர் பிறந்த ஆண்டால் குறிப்பர். ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்து 1800 முதல் 1899 வரையிலான நூற்றாண்டைக் குறிக்கும்; ஆகவே 1882இல் பிறந்த பாரதிக்கு எம் 82, 1891இல் பிறந்த பாரதிதாசனுக்கு எம் 91. அலமாரியில் புலவர்கள் அகர வரிசையிலோ புகழ் வரிசையிலோ நில்லாமல், பிறந்த வரிசையில் நிற்பர். காலம் அறியப்படாத சங்கப் புலவர்க்கு இம்முறை பெருந்தொல்லை தரும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பின்னாளில் அவர் எல்லாப் பொருளையும் ஐந்து கூறாக்கினார்: முதன்மைப் பொருள், அது ஆக்கப்பட்ட பண்டம், அதில் நிகழும் செயல், இடம், காலம். தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கொள்வதும் நிலமும் பொழுதுமே. கருப்பொருளும் உரிப்பொருளும் ஏனையவற்றோடு ஒருவாறு பொருந்தும். இதைக் கொண்டு தொல்காப்பியத்திலிருந்தே அவர் எடுத்தார் எனச் சொல்லும் ஆர்வம் எழுவது இயல்பு. அவ்வாறு சொல்லச் சான்றில்லை. சொல்லாதிருப்பதே தமிழுக்கும் அவருக்கும் செய்யும் மரியாதை. பொருளைக் கூறுபடுத்தி அறியும் மனம் இருவேறு காலத்தில் இருவேறு இடத்தில் ஒரே இடுக்கு வழியாகச் சென்றது என்ற அளவே போதும்.

பகுப்பெண் அலமாரிக்கு வழிகாட்டும்; எண்ணை அறியாத வாசகனுக்குச் சொல் வேண்டும். அதற்கு அமெரிக்க முறை ஒன்றிருந்தது. 1876இல் சார்லஸ் கட்டர் வகுத்த விதிகளைப் பின்பற்றி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பொருள் தலைப்புகளின் பெரும்பட்டியலொன்றை 1909 முதல் அச்சிடத் தொடங்கியது. அப்பட்டியலைப் பார்த்துத் தலைப்பு எழுதுவது உலக வழக்காயிற்று. ரங்கநாதனுக்கு அது நிறைவளிக்கவில்லை. பகுப்பெண் ஒரு சிந்தனையாலும் பொருள் தலைப்பு மற்றொரு சிந்தனையாலும் பிறந்தால் இரண்டும் முரணும் என்று கருதி, பகுப்பெண்ணிலிருந்தே தலைப்பைப் பிறப்பிக்கும் ‘சங்கிலி முறை’யை 1938இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

அதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். தமிழ்நாட்டு ஏரிப் பாசனம் பற்றி ஒரு நூல் எனக் கொள்வோம். அதன் பகுப்பெண் வேளாண்மை, நீர்ப்பாசனம், ஏரி, தமிழ்நாடு என ஒன்றிலொன்று கோத்த சங்கிலி போன்றது. கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி அவிழ்த்தால் ‘தமிழ்நாடு, ஏரி, நீர்ப்பாசனம், வேளாண்மை’ எனவும், ‘ஏரி, நீர்ப்பாசனம், வேளாண்மை’ எனவும், ‘நீர்ப்பாசனம், வேளாண்மை’ எனவும், ‘வேளாண்மை’ எனவும் நான்கு அட்டைகள் பிறக்கும். எந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வாசகன் நூலுக்குச் சேர்வான். அட்டை எழுதுபவரின் மனப்போக்குக்கு இடமில்லை. நூலகத்தின் ஐந்து விதிகளுள் நான்காவதாக 1931இல் அவர் உரைத்த ‘வாசகனின் நேரத்தைக் காப்பாற்று’ என்பது இங்கே தொழிற்படுகிறது. 1950இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூற்றொகை இருபதாண்டுக் காலம் இம்முறையிலேயே தன் பொருள் அகரநிரலை அமைத்தது. கல்கத்தாவிலிருந்து 1958 முதல் வந்த இந்திய தேசிய நூற்றொகையும் அதைக் கைக்கொண்டது. ஆயினும் அந்நூற்றொகையில் தமிழ் நூல்களும் ரோமன் எழுத்தில்தான் அச்சாயின. பொது வரிசை வேண்டும் என்னும் நோக்கம் புரிகிறது. தன் நூலின் பெயரை ரோமன் எழுத்தில் தேட வேண்டிய தமிழ்ப் புலவரின் நிலையும் புரிகிறது.

சங்கிலி முறைக்கும் ஓர் எல்லையுண்டு. ‘ஏரி’ என்னும் கண்ணியை அது தரும். ‘கண்மாய்’ என்னும் சொல்லோடு வருபவனை அது அறியாது. தொண்டை நாட்டார் ஏரி என்பதைப் பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். குளம், தாங்கல், ஏந்தல் எனவும் வழங்குவர். இங்கே நிகண்டு ஆசிரியரின் உழைப்புத் தேவைப்படுகிறது. கரிசலாங்கண்ணியும் கையாந்தகரையும் ஒரே மூலிகை என அறிந்தவர் அட்டை எழுதாவிடில், சித்த மருத்துவ நூல்கள் இரு பெட்டிகளில் பிரிந்து கிடக்கும். காலமும் சொல்லை மாற்றுகிறது. நூறாண்டுக்கு முன் ‘சரித்திரம்’ எழுதினர். இன்று ‘வரலாறு’ எழுதுகின்றனர். புத்தகசாலை, வாசகசாலை, நூல்நிலையம், நூலகம் என அந்த நிறுவனத்தின் பெயரே ஒரு நூற்றாண்டுக்குள் பலவாறு மாறியது. ஈழத்தார் வாசிகசாலை என்பர். தனித்தமிழ் இயக்கம் தந்த ஒவ்வொரு நற்சொல்லும் நூலகருக்கு ஒரு புதிய ‘காண்க’ அட்டையையும் சேர்த்தே தந்தது.

பல்பொருள் ஒருசொல்லின் தொல்லை இலக்கியத்தில் மிகுதி. அம்மை என்பது தாய்; நோய்; தொல்காப்பியர் கூறும் எண்வகை வனப்புள் ஒன்று. தோல், விருந்து ஆகியவையும் அவ்வனப்புகளின் பெயரே. ‘விருந்து’ என்று மட்டும் தலைப்பிட்டால் புதுயாப்புப் பற்றிய கட்டுரை சமையல் நூலோடு சென்று அமரும். புணர்ச்சியும் தமிழுக்கே உரிய இடர். கடலைத் தேடுபவன் கண்ணுக்குக் ‘கடற்படை’ தப்பும்; கல்லைத் தேடுபவனுக்குக் ‘கற்சிலை’ தப்பும். அட்டைப் பெட்டிக் காலத்தில் நூலகர் கண் இதை ஒருவாறு சரிசெய்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணிப்பொறி தானாக அதைச் செய்வதில்லை.

இவையெல்லாம் வசதி பற்றியவை. வசதியைக் கடந்து, மானம் பற்றியதாகவும் ஒரு தலைப்பு ஆகக்கூடும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார்; இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தாமே ஏந்தி நிற்பது அவர் கொண்ட வழி. அயோத்திதாச பண்டிதர் அவ்வழியை ஏற்காமல் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, அரசு ஆவணங்களில் பஞ்சமர் முதலிய பெயர்கள் நீக்கப்பட்டு ஆதிதிராவிடர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. ஓர் அரசே சொல்லைக் கட்டுப்படுத்திய நிகழ்ச்சி அது. பின்னர் அரிசனம் வந்தது. அதன்பின் தலித் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் நெடுநாள் ‘தீண்டத்தகாதார்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே தலைப்பாக இருந்தது; பிறகுதான் ‘தலித்துகள்’ என மாறியது. அந்நூலகம் 1962இல் டில்லியில் அலுவலகம் திறந்து தமிழ் நூல்களையும் வாங்கி வருவதால், இத்தலைப்பு தொலைதூரத்து அலுவல் செய்தியன்று. இம்மண்ணில் எழுதப்பட்ட நூல்களின்மேல் ஒட்டப்பட்ட சீட்டு அது.

இங்கே நூலகர் என்ன செய்வார்? பழைய சொல்லை முற்றும் அழித்துவிட்டால், 1890களின் ஆவணத்தைப் பழைய பெயராலேயே அறிந்து தேடும் மாணவன் வெறுங்கையோடு திரும்புவான். ஒரு சமூகம் தன் பெயருக்காக நடத்திய போராட்டத்தின் தடயமும் போய்விடும். பழைய சொல்லையே தலைப்பாக வைத்திருந்தால், அச்சமூகத்தில் பிறந்து நூலகத்துக்குள் வரும் இளைஞன் தன்னைப் பற்றிய நூலைத் தேட அவமதிப்பின் வாயில் வழியே நுழைய வேண்டும். தலைப்பு அம்மக்கள் ஏற்ற சொல்லாக இருக்க, பழைய சொல் ‘காண்க’ எனச் சுட்டும் அட்டையாக மட்டும் நிற்பதே நேரிய வழி. இதழின் பெயர் ‘பறையன்’ எனில் அது அவ்வாறே பட்டியலில் இருக்கும். ஏனெனில் நூலின் பெயர் ஆசிரியர்க்குரியது. தலைப்பு நூலகத்துக்குரியது, அதற்குப் பொறுப்பும் நூலகத்துக்கே உரியது.

இவ்வட்டாரத்துக்கு அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். நாடக அறிவிப்புத் தாளும் திரைப்படப் பாட்டுப் புத்தகமும்கூட அவர்க்குப் பொருட்டாயிருந்தன. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994இல் அது வந்து அமர்ந்த இடம் அம்பத்தூரை அடுத்த முகப்பேர். பின்னர்த் தரமணிக்குப் பெயர்ந்தது. ஒருவர் நினைவில் ஒழுங்குபட்டிருந்த நூல்கள், பிறர்க்குப் பயன்பட வேண்டுமாயின் எல்லார்க்கும் பொதுவான ஒழுங்குக்குள் வரவேண்டியிருந்தன. சேர்த்தவர் உயிரோடிருக்கும் வரையில் அவரே பட்டியல். அவர்க்குப் பின் அட்டைகளே அவர்.

இனிக் கவிஞர் நூல்கள். ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ 1962இல் வந்த கவிதைத் தொகுதி. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்த நாவல். நூற்பெயரிலுள்ள சொல்லை மட்டும் கொண்டு தேடும் கணிப்பொறி, பறவையியல் மாணவனுக்கு முன்னதையும் மரவியல் மாணவனுக்குப் பின்னதையும் நீட்டும். நகைப்புக்குரியது இதுவன்று, மறுபக்கமே வருந்துதற்குரியது. பஞ்சத்தையோ புலம்பெயர்வையோ பற்றிய கவிதைகளைத் தேடுபவனுக்கு எந்தத் தொகுதியும் அகப்படுவதில்லை. வரலாற்று நூலுக்கு நான்கு தலைப்புத் தரும் நூலகங்கள், கவிதை நூலுக்கு ‘தமிழ்க் கவிதை’ என ஒன்றோடு நின்றுவிடுகின்றன. அமெரிக்கப் பட்டியலில் பழந்தமிழ்ப் பாட்டுகளுக்கு ‘தமிழ்க் கவிதை, 1500 வரை’ என்னும் தலைப்பு உண்டு. அதனோடு நின்றால் அகமும் புறமும் பத்தியும் சித்தர் பாடலும் ஒரே பைக்குள் விழும். புறநானூற்றுக்கு அடிக்குறிப்பு எழுதிய பெயர் தெரியாத அறிஞர் இதைவிடக் கவனமாக இருந்தார். கவிதையைப் பொருளால் பெயரிட்டால் அதன் பொருள் சுருங்கும் என அஞ்சுவாரும் உளர். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. கையறுநிலை எனக் குறித்ததனால் பாரி மகளிர் பாட்டு சுருங்கிவிடவில்லை என்பதும் உண்மை.

ஊர் பற்றிய தலைப்புகளும் இத்தகைய கவனத்தை வேண்டி நிற்பவை. ‘ஆவடி’ என்ற ஒரு சொல்லின்கீழ், 1955 சனவரியில் அங்கே கூடிச் சோசலிசப் பாங்கான சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்த காங்கிரஸ் மாநாட்டு நூலும் வரும். பீரங்கி வண்டித் தொழிற்சாலை பற்றிய நூலும் வரும். மாநாட்டு நூலைத் தேடுபவன் ஆவடி என்று கேட்பதைவிடச் சமதர்மம் என்றோ சோசலிசம் என்றோ கேட்பதே மிகுதி. பூந்தமல்லியை இன்னும் பூவிருந்தவல்லி என எழுதுவோர் உண்டு. ஆங்கில ஆவணங்களின் எழுத்துக்கூட்டலோ இரண்டனுள் எதனோடும் ஒட்டாதது.

கோவில்பதாகைக்கு வருவோம். கோவில் என எழுதுவோரும் கோயில் என எழுதுவோரும் இருக்கின்றனர். அகர வரிசையில் யகரத்துக்கும் வகரத்துக்கும் இடையே ரகரமும் லகரமும் புகுந்துவிடுவதால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் விழும். புணர்ச்சி விதி தவறாத புலவர் எவரேனும் ‘கோயிற்பதாகை’ என எழுதினால் மூன்றாவது இடமும் தேவைப்படும். ஆங்கில எழுத்தில் தகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவது தனிக்கதை. இவ்வூர் 1996 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 2019இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. அதே ஆண்டில் செங்கற்பட்டு என்னும் பெயரில் புதிய மாவட்டம் ஒன்று பிறந்தது. அதில் இப்பகுதி இல்லை. ஆகவே ‘செங்கற்பட்டு மாவட்டம்’ என்னும் தலைப்புக்கு இப்போது ஆண்டையும் அடையாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பழைய மாவட்ட நூலுள் இவ்வூரைத் தேடுபவர்க்குக் கோவில்பதாகை என்னும் அட்டையில் 1997 என்ற எண்ணும் இருத்தல் வேண்டும்.